வீட்டை வாசிக்கலாம், வாங்க: ஜெஃப்ரி பாவாவின் வீடும் நம் மாணவர் கட்டுரையும்



'நான் சென்று வந்த அருங்காட்சியகம்' என்று கரும்பலகையில் ஒரு தலைப்பு எழுதிப் பாருங்க. வகுப்பில் முப்பது பேர் என்றால் முப்பது கட்டுரை வரும். முப்பதிலும் அதிகாலையில் எழுந்திருப்பார்கள், குளித்திருப்பார்கள், பசியாறியிருப்பார்கள், பேருந்தில் பாட்டுப் பாடியிருப்பார்கள். உள்ளே போனதும் 'பல அரிய பொருள்களைக் கண்டு வியந்தோம்' என்று ஒரு வரி வரும். என்ன பொருள் என்று கேட்டால் பதில் இருக்காது. கடைசியில் எல்லாரும் 'மகிழ்ச்சியுடன் வீடு திரும்பி' விடுவார்கள். திருத்துகிற நமக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுத்த அளவுக்கு, எப்படிப் பார்ப்பது என்று நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிரிஞ்சாங்கில் படிவம் ஐந்து மாணவி ஒருத்தி என்னிடம் நேராகவே கேட்டாள். "டீச்சர், கோலாலம்பூர்ல இருந்தா மியூசியம், கோபுரம்னு பார்த்திருப்போம். இங்க தேயிலையும் லயமும்தானே இருக்கு. எழுதறதுக்கு என்ன இருக்கு?"

அவளுக்கு அன்று சரியான பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில். கொஞ்சம் சுற்றி, கொழும்பு வழியாகப் போய்த்தான் திரும்பவும் பிரிஞ்சாங்குக்கு வர வேண்டியிருக்கிறது. பொறுமையாகக் கூட வாங்க.

யார் இந்தப் பாவா?

ஜெஃப்ரி பாவா 1919ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தவர். வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தார், பிறகு லண்டனில் சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார். அந்த வேலை அவருக்கு ஒட்டவில்லை. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, 1940களின் இறுதியில் பெந்தோட்டைக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் கைவிடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதைப் பூந்தோட்டமாக மாற்ற முயன்றபோதுதான் தமக்குக் கட்டட நுட்பம் தெரியாது என்பது புரிந்தது. மீண்டும் மாணவராகி, லண்டனில் கட்டடக் கலை படித்து, 1957இல் தகுதி பெற்றார். அப்போது அவருக்கு வயது 38.

தேர்வு எழுதும் பிள்ளைகளிடம் இந்த வயதைக் கட்டாயம் சொல்லுங்க. பதினேழு வயதில் வழி தெரியவில்லையே என்று தவிப்பவர்களுக்கு அது ஓர் ஆறுதல்.

அதற்குப் பிறகு அவர் கட்டியவை பல. கோட்டேயில் ஏரி நடுவே எழும்பியிருக்கும் இலங்கை நாடாளுமன்றம் 1982இல் திறக்கப்பட்டது. மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகமும், தம்புள்ளைக்குப் பக்கத்தில் பாறையோடு ஒட்டிக் கிடக்கும் கந்தளமா ஹோட்டலும் அவருடையவை. தமிழ்நாட்டிலும் அவர் கைவண்ணம் உண்டு. மதுரையில் நூற்பாலை ஒன்றின் மன்றக் கட்டடத்தை 1970களின் தொடக்கத்தில் வடிவமைத்தார். அவருடைய அலுவலகத்தில் 1967 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் கூட்டாளியாக இருந்தவர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம் என்ற தமிழர். பாவா வரைந்ததை நிற்க வைத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பாவா 2003இல் மறைந்தார். 'வெப்பமண்டல நவீனக் கட்டடக் கலை' என்று பேசத் தொடங்கினால் உலகம் முதலில் சொல்லும் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

33ஆம் சந்து, 11ஆம் எண்

அவர் கொழும்பில் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். பகத்தலை வீதியிலிருந்து பிரியும் 33ஆம் சந்தின் கோடியில் இருக்கிறது. 'நம்பர் 11' என்றே எல்லாரும் சொல்கிறார்கள். முன்கூட்டியே பதிந்துகொண்டு, வழிகாட்டியோடு சேர்ந்து சுற்றிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்க. இது அரண்மனை இல்லை. ஒரே வரிசையில், பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக் கிடந்த நான்கு சிறிய வீடுகள். 1950களின் இறுதியில் மூன்றாவது வீட்டை மட்டும் பிடித்தார். பிறகு நான்காவது கிடைத்தது. பத்து ஆண்டு கழித்து மற்ற இரண்டும் கைக்கு வந்தன. முதல் வீட்டை இடித்துவிட்டு அங்கே ஒரு மாடிக் கோபுரத்தை எழுப்பினார். மற்ற மூன்றையும் இடிக்கவில்லை. சுவரில் வழி திறந்து, கூரையில் வெளிச்சம் திறந்து, நான்கையும் ஒன்றாகக் கோத்துவிட்டார். ஒட்டு வரிசை வீடு என்றால் என்னவென்று நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, இல்லையா?

வாசலில் வண்டி நிறுத்தும் இடம். அங்கே பாவாவின் 1934ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் நிற்கிறது. அதைத் தாண்டினால் நீளமான வெள்ளை நடை. நடையில் நிற்கும்போது நீங்கள் அரை இருட்டில் இருக்கிறீர்கள், எதிர்க்கோடியில் வெளிச்சம் தெரிகிறது. யாரும் 'இப்படிப் போங்க' என்று சொல்ல வேண்டியதில்லை. கால் தானாக வெளிச்சத்தை நோக்கிப் போகிறது. போனால், மேலிருந்து ஒளி இறங்கும் ஒரு சின்ன நீர்த்தொட்டி. இந்த வீட்டின் முதல் பாடம் இதுதான். அம்புக்குறி போட்ட பலகையின் வேலையை இங்கே வெளிச்சம் செய்கிறது.

மேலே நடக்க நடக்க, எந்த இடம் உள்ளே, எந்த இடம் வெளியே என்று தடுமாற்றம் வரும். நாற்காலி போட்டிருக்கும், நிமிர்ந்து பார்த்தால் வானம். செடி வளர்ந்திருக்கும், சுற்றிலும் சுவர். நான்கு வீடுகளுக்கும் இடையில் கிடந்த துண்டு துண்டான இடங்களைப் பாவா அடைக்காமல் முற்றங்களாக விட்டிருக்கிறார். சூடான காற்று அவற்றின் வழியாக மேலே போகிறது, குளிர்ந்த காற்று அறைகளுக்குள் வருகிறது. ஈப்போவிலோ பினாங்கிலோ பழைய கடைவீடுகளுக்குள் போனவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வாசலில் அஞ்சடி, நடுவில் வானம் தெரியும் திறப்பு, மழை பெய்தால் வீட்டுக்கு நடுவிலேயே மழை. அதே அறிவுதான்.

வீட்டில் செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்களையும் மர வேலைப்பாடுகளையும் பார்க்கலாம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிங்க. செட்டிநாட்டுப் பெருவீடுகளை எழுப்பிய பணத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் நடந்த வட்டித்தொழிலுக்குப் பங்குண்டு. பிறகு குடும்பங்கள் சிதறின, வீடுகள் உடைக்கப்பட்டன, தூண்களும் கதவுகளும் விலைக்கு வந்தன. நாலு ஊரின் கதை ஒரு தூணில் இருக்கிறது. 'பல அரிய பொருள்கள்' என்று எழுதுவதற்குப் பதிலாக இந்த ஒரு தூணை எழுதினால் ஒரு பத்தி தேறிவிடும்.

கலைப்பொருள்களும் வீடு நிறைய இருக்கின்றன. ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் தீட்டிய கதவு ஒன்று உண்டு. லக்கி சேனநாயக்க போன்ற இலங்கைக் கலைஞர்கள் பாவாவின் கட்டடங்களுக்காகவே செய்த படைப்புகள் பல. கந்தளமா ஹோட்டலின் படிக்கட்டில் சிறகு விரித்திருக்கும் பெரிய ஆந்தை லக்கி செய்ததுதான். வழக்கமான அருங்காட்சியகத்தில் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும், பக்கத்தில் பெயர்ச்சீட்டு இருக்கும். இங்கே கதவு கதவாகவும் நாற்காலி நாற்காலியாகவும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஒரு பொருள் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

கோபுரத்துக்குள் படியேறினால் கீழ்த்தளத்து நிழல் குறைந்துகொண்டே போய், மொட்டைமாடி வெயிலில் முடிகிறது. பிரான்சில் வாழ்ந்த லெ கொர்பூசியே 1920களில் வரைந்த பெட்டி வடிவ வீடுகளின் சாயல் இந்தக் கோபுரத்துக்கு உண்டு. சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்டவரும் அவர்தான். அந்நகரில் அவருடைய குழு வேலை செய்த பழைய அலுவலகத்தை இன்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் நவீனமும் ஆசியாவின் முற்றமும் 33ஆம் சந்தில் ஒரே கூரைக்குக் கீழே குடியிருக்கின்றன.

மழையிடம் கற்றுக்கொண்டவர்

நவீனக் கட்டடக் கலை ஐரோப்பாவில் வளர்ந்தபோது அதன் அடையாளம் வெள்ளைச் சுவர், தட்டையான கூரை, பெரிய கண்ணாடி. பாவாவும் அவருடைய டென்மார்க் நண்பர் உல்ரிக் பிளெஸ்னரும் தொடக்கத்தில் அந்த வழியில்தான் கட்டினார்கள். கொழும்பு மழை விடுமா? தட்டைக் கூரையில் தண்ணீர் தேங்கும், வெள்ளைச் சுவரில் பாசி படரும். ஆகவே பழைய வீடுகளைப் போய்ப் பார்த்தார்கள். சாய்ந்த பெரிய கூரை, சுவரைத் தாண்டி நீளும் இறவாணம், அகலமான தாழ்வாரம். மழையையும் வெயிலையும் சுவரில் படவிடாத ஏற்பாடு.

ஆனால் பழையதை அப்படியே திருப்பிச் செய்யவில்லை. வெறும் ஓடு ஒழுகும். அதனால் கீழே நெளிவான சிமெண்டுத் தகட்டைப் போட்டு, அதன் மேல் அரைவட்ட மண் ஓட்டைப் பதித்தார்கள். தகடு மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தாங்கும். பார்வைக்குப் பழைய வீடு, உள்ளுக்குள் புதிய நுட்பம். நவீனம் என்றால் பழையதைத் தூக்கி எறிவது என்று பிள்ளைகள் எழுதும்போது, இந்தக் கூரையை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்க.

இப்போது நம்ம பிரிஞ்சாங் சாலைக்கு வாங்க. ஹோட்டல், அடுக்குமாடி எதைப் பார்த்தாலும் வெள்ளைச் சுவரில் கறுப்புப் பட்டை. ஆங்கிலேயர் தங்கள் ஊர் நினைப்பில் இந்த மலையில் கட்டிய வீடுகளின் பாணி இது. 1930களில் எழுந்த ஸ்மோக்ஹவுஸ் விடுதி அந்த வகை. பழைய இங்கிலாந்தில் அந்தக் கறுப்புப் பட்டை உண்மையான மரச்சட்டம். வீட்டின் எடையைத் தாங்கியது அதுதான். இன்றைய அடுக்குமாடியில் எடையைத் தாங்குவது கான்கிரீட். பட்டை வெறும் அலங்காரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒருவர் தன் ஊர் மழையைப் பார்த்துக் கூரை போட்டார். நாமோ வேறு ஊரின் மரத்தைச் சுவரில் சாயமாகப் பூசி வைத்திருக்கிறோம். அழகாக இல்லையா என்றால், அழகுதான். ஆனால் ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரிய வேண்டும்.

தோட்டத்தில் தெரிவதும் தெரியாததும்

பாவா முதலில் வாங்கிய அந்த ரப்பர் தோட்டத்தின் பெயர் லுனுகங்கா. ஒல்லாந்தர் காலத்தில் அங்கே கறுவா, அதாவது பட்டை, விளைந்தது. ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர். அதற்குப் பிறகு பாவாவின் பூந்தோட்டம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். இன்று அதையும் போய்ப் பார்க்கலாம்.

வீட்டிலிருந்து ஏரியும், அக்கரைக் குன்றின் வெள்ளைத் தாதுகோபமும் தெரிய வேண்டும் என்று நடுவிலிருந்த குன்றின் உச்சியையே வெட்டித் தணித்தார். ஈழத்தலரிக் கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டு, வேண்டிய பக்கம் வளைய வைத்தார். இயற்கைத் தோட்டம் போலத் தெரியும், ஆனால் ஒவ்வொரு பார்வையும் திட்டமிட்டது. கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் பாத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகப் பாவா கட்டிய முற்ற வீட்டைக்கூட, நிலம் விற்கப்பட்ட பிறகு, கல்லும் ஓடுமாகக் கழற்றிக் கொண்டுவந்து லுனுகங்காவில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். 2016 முதல் அது அங்கே நிற்கிறது.

இதுவரை பார்த்தது வியக்க வேண்டியது. இனி கவனிக்க வேண்டிய இரண்டு.

முதலாவது, அந்தத் தோட்டத்தின் குறுக்கே ஒரு பாதை போகிறது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அது தெரியாது. பள்ளத்தில் இறக்கி மறைத்திருக்கிறார்கள். புல்வெளி இடைவெளியின்றிக் குன்றுவரை போவதுபோல் இருக்கும். பாதையில் நடப்பவர் பார்வையில் விழமாட்டார்.

இரண்டாவது, தோட்டத்தில் அங்கங்கே மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓசை. ஐயா எந்த இடத்தில் உட்கார்ந்து மணி அடிக்கிறார் என்று ஓசையை வைத்தே கண்டுபிடித்துப் பணியாளர் தேநீரோடு அங்கே போய் நிற்க வேண்டும்.

பார்வையாளர் பலரும் மணியைப் பார்த்து 'என்ன ரசனை!' என்பார்கள். தோட்டத்துப் பிள்ளையான நமக்கு இன்னொரு கேள்வியும் வரும். தேநீரைத் தூக்கிக்கொண்டு ஓடினவர் எங்கே குடியிருந்தார்? வரட்டும், அந்தக் கேள்வியை அடக்காதீங்க. அருங்காட்சியகத்தைப் பார்ப்பது என்றால் காட்டியதைப் பார்ப்பதோடு, காட்டாததைக் கேட்பதும் சேர்ந்ததுதான்.

பங்களாவுக்கு ஒருவர், லயத்துக்கு யார்?

பாவா தோட்ட பங்களாக்களும் கட்டியிருக்கிறார். 1959இல், அப்கொட் தேயிலை மலையில், ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்துத் துரை பங்களா. 1960களின் நடுவில் பொலொந்தலாவையில் இன்னொன்று. இது புகழ் பெற்றது. யானை யானையாகப் பாறைகள் கிடந்த இடம். பாறையை உடைக்காமல், குச்சியும் கயிறும் வைத்து அந்த இடத்திலேயே அளவெடுத்து, கூரை பாறை மேல் உட்காரும்படி கட்டினார்கள்.

தேயிலை மலைகளில், அதே காலத்தில், பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் இருந்தன. ஒரே நீளக் கூரை. குடும்பத்துக்கு ஓர் அறை. பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். முன்னால் ஒட்டுத் தாழ்வாரம். இலங்கை மலையகத்திலும் மலாயாத் தோட்டங்களிலும் அளவும் பொருளும் மாறினாலும் அமைப்பு ஏறத்தாழ இதுதான். பாறைக்குக் கொடுத்த மரியாதையை அந்த அறைகளுக்கு யாரும் கொடுக்கவில்லை. எத்தனை பேரை எவ்வளவு குறைந்த செலவில் அடைக்கலாம் என்ற கணக்குதான் அங்கே வரைபடம்.

இதைப் பாவாமேல் ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. கட்டடக் கலைஞரிடம் வீடு கேட்டு வருபவர் பணம் உள்ளவர். அந்த வழக்கம் உலகம் முழுக்க உண்டு. சொல்ல வந்தது வேறு. பாவா தம் வீட்டில் செய்ததையும் லயத்து மக்கள் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒட்டுத் தாழ்வாரத்தில் நம்ம பாட்டி அடுப்பை நகர்த்தி வைத்து உள்ளே ஓர் அறையை மிச்சம் பிடித்தார். தாத்தா பின்னால் தகரம் இறக்கிக் குளிக்க மறைப்பு கட்டினார். வாசல்படிக்கு இரண்டு பக்கமும் பழைய பால் டின்னில் செவ்வந்தி வைத்தார்கள். உள்ளே சுவரில் சாமிப்படமும் நாட்காட்டியும். குறுகின வரிசை வீட்டைத் திறந்து, நீட்டி, வாழ்கிற இடமாக்கியதுதான் இரண்டு இடத்திலும் நடந்தது. ஒருவருக்குப் பணமும் நேரமும் இருந்தன. மற்றவர்களுக்கு இரண்டும் இல்லை. ஆனாலும் செய்தார்கள்.

இலங்கையில் கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழைய லய அறைகளையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். 2007 முதல் அது இயங்குகிறது. கொழுந்துக் கூடையும் சமையல் சாமானும் பழைய ஆவணங்களும் அங்கே காட்சிப் பொருள்கள். ஆக, லயத்தில் என்ன இருக்கு என்ற கேள்விக்கு ஓர் ஊர் ஏற்கனவே பதில் சொல்லிவிட்டது.

கொழும்பு போக முடியாதவர்களுக்கு

பெரும்பாலோருக்குக் கொழும்பு தூரம். பரவாயில்லை, பிரிஞ்சாங்கிலேயே பயிற்சி செய்யலாம். மூன்று இடங்கள் போதும்.

முதல் இடம், சுங்கை பாலாஸ் தோட்டத்துத் தேநீர் மையம். 1929இல் தொடங்கிய 'போ' தேயிலை நிறுவனத்தின் தோட்டம் அது. மையத்தை வடிவமைத்தது இசட்.எல்.ஜி. என்ற மலேசியக் கட்டடக் கலை அலுவலகம். மேடை மலைச்சரிவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மாணவர்களை அங்கே நிற்க வைத்துக் கேளுங்க: இந்தக் கட்டடம் உங்களை எந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுது? கீழே கொழுந்து எடுப்பவர் இங்கிருந்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார்?

இரண்டாவது, ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை. மாடித்தளங்கள் நீளமாகவும் சன்னல்கள் வரிசையாகவும் இருப்பது ஏன்? பறித்த கொழுந்தைப் பரப்பி, காற்றில் வாட வைக்க வேண்டும். காற்று வேண்டும், ஆகவே சன்னல். தேவையிலிருந்து உருவம் வருவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நவீனக் கட்டடக் கலையின் அடிப்படைக் கருத்தும் அதுவே.

மூன்றாவது, அவரவர் வீடு. லயமோ, தரை வீடோ, அடுக்குமாடியோ, எதுவானாலும் சரி.

மூன்று இடத்திலும் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுக் குறிப்பெடுக்கச் சொல்லுங்க:

1. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? காலையிலும் மாலையிலும் எங்கே விழுகிறது?
2. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது? கூரைச் சத்தம் எப்படி இருக்கிறது?
3. கை வைத்துப் பார்த்தால் சுவரும் தரையும் என்ன பொருள்? அது எங்கிருந்து வந்திருக்கும்?
4. உள்ளே போகிறவரின் கால் எந்தப் பக்கம் தானாகத் திரும்புகிறது? எங்கே உட்காரத் தோன்றுகிறது?
5. இந்த இடத்துக்காக உழைத்தவர் யார்? அவர் இங்கே தெரிகிறாரா, மறைந்திருக்கிறாரா?

ஐந்தாவது கேள்வியைக் கட்டாயம் கேட்க வையுங்க. கட்டுரைக்கு உயிர் அங்கேதான் வரும்.

தேர்வு எழுதும் மாணவருக்கு

தம்பி, தங்கச்சி, இனி உங்களுக்கு. ஒரு பத்தியை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன்.

முதல் விதம்: 'எங்கள் லயம் மிகவும் பழமையானது. அது இயற்கை எழில் கொஞ்சும் சூழலில் அமைந்துள்ளது. அங்கு மக்கள் ஒற்றுமையாக வாழ்கின்றனர்.'

இரண்டாவது விதம்: 'எங்கள் லயத்தில் எட்டு வாசல், ஒரே கூரை. மழை வந்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் அப்பாவும் அம்மாவும் பேசுவது எனக்குக் கேட்காது. ஆனால் மழை இல்லாத இரவில் பக்கத்து வீட்டு அண்ணன் இருமுவதுகூடச் சுவர் வழியாகக் கேட்கும். பாட்டி அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றியதால் எனக்குப் படிக்க ஒரு மூலை கிடைத்தது. அந்த மூலைக்குக் காலை ஏழரை மணிக்கு வெயில் வரும்.'

முதல் பத்தியை எந்த ஊர்ப் பிள்ளையும் எழுதிவிடலாம். இரண்டாவதை அந்த வீட்டில் வாழ்ந்தவர் மட்டுமே எழுத முடியும். திருத்துபவர் நாற்பதாவது தாளில் களைத்துப் போய் உட்கார்ந்திருக்கும்போது, அந்தத் தகரச் சத்தம்தான் அவரை நிமிர வைக்கும்.

எழுதும்போது மனத்தில் வைக்க வேண்டியவை:

• வருணனைக் கட்டுரையானால் நடந்துபோகும் வரிசையில் எழுதுங்கள். வாசல், நடை, முற்றம், மாடி என்று படிப்பவரைக் கூட அழைத்துப் போங்கள்.
• கருத்து விளக்கக் கட்டுரையானால் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு பொருளைக் காட்டுங்கள். 'பாரம்பரியத்தைக் காக்க வேண்டும்' என்பது கருத்து. தகட்டின் மேல் பதித்த மண் ஓடு அதற்குச் சான்று.
• வாதக் கட்டுரையானால் எதிர்ப்பக்கத்தையும் மதியுங்கள். லயம் காக்கப்பட வேண்டிய வரலாறு என்பவர் உண்டு, இடித்து நல்ல வீடு தர வேண்டிய அவமானம் என்பவரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. குடியிருக்க நல்ல வீடு கட்டித் தந்துவிட்டு, பழைய வரிசையில் ஒன்றை மட்டும் நினைவுக்காக வைக்கலாம் என்பது என் எண்ணம். உங்கள் எண்ணத்தை நீங்கள் எழுதுங்கள்.

பயன்படும் சொற்கள் சில:

• முற்றம்: வீட்டுக்குள் வானம் பார்த்த திறந்த இடம்.
• தாழ்வாரம்: கூரையின் சாய்வை நீட்டி அமைத்த, முன்பக்கம் திறந்த பகுதி.
• இறவாணம்: சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை ஓரம்.
• திண்ணை: வாசலை ஒட்டி உட்காரக் கட்டிய மேடை.
• நடை: வாசலையும் உள்வீட்டையும் இணைக்கும் ஒடுங்கிய வழி.
• அஞ்சடி: கடைவீட்டு முன்புறம், கூரையுள்ள நடைபாதை.

இந்தச் சொற்களில் பெரும்பாலானவை உங்கள் பாட்டிக்குத் தெரியும். போய்க் கேளுங்க. கேட்கும்போது, அந்த வீட்டுக்குள் எப்போது குடிவந்தார்கள், எதை எதை மாற்றினார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்க. அதை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்க. லயங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன. பாவாவின் வீட்டைக் காக்க ஓர் அறக்கட்டளை இருக்கிறது. நம் வீடுகளுக்கு இப்போதைக்கு உங்கள் கட்டுரைதான் இருக்கிறது.

அந்த மாணவியிடம் மறுவாரம் ஐந்து கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து நான்கு பக்கம் கொண்டு வந்தாள். முதல் வரியில் யாரும் அதிகாலையில் எழுந்திருக்கவில்லை. 'எங்கள் வீட்டுக் கதவு உள்பக்கம் திறக்காது, வெளிப்பக்கம்தான் திறக்கும். உள்ளே அதற்கு இடமில்லை' என்று தொடங்கியிருந்தாள்.

திருத்துவதற்குச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். நான்கு பக்கமும் படித்து முடித்த பிறகுதான் அதைத் திறந்தேன்.

உங்கள் வகுப்பிலும் இந்தப் பயிற்சியைச் செய்து பாருங்க, ஆசிரியர்களே. பிள்ளைகள் எழுதியதில் நல்ல பத்திகளை அவர்கள் அனுமதியோடு இந்த மடலுக்கு அனுப்பினால், மற்றப் பள்ளிகளுக்கும் பயன்படும்.